திருச்சபை வந்த பிறகு யூதருக்கு உடன்படிக்கை உண்டா?

03.04.2025, கேள்வி

போன வாரம் வீட்டுக் கூட்டத்தில் பேசிய ஒருவர், யூதர் மேசியாவைத் தள்ளினார்கள், ஆகவே தேவன் அவர்களைத் தள்ளினார், இனி திருச்சபைதான் இஸ்ரவேல் என்றார். பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் என் மைத்துனரோ பைக்கில் இஸ்ரேல் கொடி ஒட்டி வைத்துக்கொண்டு, அவர்களை ஆசீர்வதிக்கிறவன்தான் ஆசீர்வதிக்கப்படுவான் என்கிறார். இரண்டு பேருக்கும் கையில் ஒரே பைபிள். எது சரி? தெரிந்த அண்ணன்மார் சொல்லுங்கள்.

03.04.2025, இரவு

இரண்டும் சரியில்லை என்பது என் கட்சி, தம்பி. ரோமர் 11ஐ வைத்தே சொல்கிறேன். அந்த அதிகாரம் எனக்கு வேதபாடமாக வருவதற்கு முன்னாலேயே வீட்டுத் தொழிலாக வந்துவிட்டது.

அப்பா களியல் பக்கம் ரப்பர் நாற்றங்கால் வைத்திருந்தார். விதை போட்டு முளைத்த தையின் (நாற்றின்) அடிப்பட்டையைச் சின்னக் கதவு மாதிரி கீறித் திறந்து, நல்ல பால் தரும் இனத்தின் கம்பிலிருந்து ஒரு மொட்டைப் பட்டையோடு பெயர்த்து அதற்குள் வைத்து, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிக் கட்டுவார். மூன்று வாரம் கழித்துக் கட்டை அவிழ்த்து நகத்தால் லேசாகச் சுரண்டினால் பச்சை தெரிய வேண்டும். தெரிந்தால் பிடித்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் மொட்டுக்கு மேலே தையின் தலையை வெட்டி எறிந்துவிடுவோம். வேர் ஏதோ ஒரு விதையுடையது, மேலே வளருவது ஆர்ஆர்ஐஐ 105 என்ற நல்ல ரப்பர் இனம்.

பவுல் சொல்வது இதற்கு நேர் தலைகீழ். நல்ல ஒலிவமரத்தில் காட்டு ஒலிவக் கிளையை ஒட்டுகிறார். எந்தக் கிறுக்கன் அப்படிச் செய்வான்? மனுஷன் தர்சு பட்டணத்துக்காரர், கூடாரம் தைத்தவர், விளைக்குள் (தோட்டத்துக்குள்) இறங்கியதே இல்லை என்று பத்தாம் வகுப்பிலேயே முடிவு கட்டியிருந்தேன். ஆனால் அவர் சொல்லவந்த விஷயத்தில் குழப்பம் இல்லை. காட்டுக்கிளை நாம்தான். களியக்காவிளை முதல் ஆரல்வாய்மொழி வரை சிஎஸ்ஐ, ஆர்சி, லுத்தரன், சால்வேஷன் ஆர்மி, பெந்தெகொஸ்தே எல்லாம் சேர்த்துத்தான் சொல்கிறேன். வேர் நம்முடையது இல்லை. நீ வேரைச் சுமக்கவில்லை, வேர்தான் உன்னைச் சுமக்கிறது என்று 18ஆம் வசனம் முகத்துக்கு நேரே சொல்கிறது.

04.04.2025

மேலே பவுலைக் கேலி பண்ணியதை வாபஸ் வாங்குகிறேன். 24ஆம் வசனத்தை ஒழுங்காகப் படியும் என்று ஒரு அக்கா தனியாக எழுதியிருந்தார். படித்தேன். "சுபாவத்திற்கு விரோதமாய்" ஒட்டப்பட்டாய் என்று அவரே சொல்கிறார். ஆக, தலைகீழாகச் சொல்கிறோம் என்று தெரிந்துதான் சொல்லியிருக்கிறார். நாற்பது வருஷமாக நான்தான் பாதி அதிகாரத்தைப் படித்திருக்கிறேன்.

இன்னொன்றும் உறைத்தது. ஒட்டுப் பிடித்த பிறகு அடியிலிருந்து, வேரின் சொந்த முளை எட்டிப் பார்க்கும். அதைக் கண்ட இடத்தில் கிள்ளி எறிய வேண்டும் என்பது அப்பாவின் சட்டம், விட்டால் அது சத்தை இழுத்துக்கொள்ளும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்கு அதுதான் வேலை. திருச்சபை 1,900 வருஷமாக ரோமர் 11ஐ இந்த நாற்றங்கால் புத்தியோடுதான் படித்திருக்கிறது என்று தோன்றுகிறது. ஒட்டு பிடித்தாயிற்று, இனி சொந்த முளை எதற்கு என்று. பவுலோ, முறிந்த சொந்தக் கிளைகளைத் தங்கள் மரத்திலேயே மறுபடி ஒட்டுவது தேவனுக்கு எவ்வளவு சுலபம் என்கிறார். 29ஆம் வசனத்தில் அந்த அழைப்பு மாறாதது என்று வேறு முடிக்கிறார். வீட்டுக் கூட்டத்தில் பேசியவர் அந்த வசனத்தை எங்கே வைத்தார் என்று கேட்டுப் பாருங்கள்.

05.04.2025

"எபிரெயர் 8:13 பழைய உடன்படிக்கை உருவழிந்து போகிறது என்கிறதே, அண்ணே, அதை ஏன் மறைக்கிறீர்?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். மறைக்கவில்லை மக்கா, வந்துகொண்டுதான் இருக்கிறேன். 1 தெசலோனிக்கேயர் 2ஆம் அதிகாரத்தில் இதே பவுல் யூதரைப் பற்றிக் கடுமையாக எழுதியதும் இருக்கிறது. புதிய ஏற்பாட்டுக்குள்ளேயே இரண்டு தொனியும் உண்டு, ஒன்றை மட்டும் கேட்கிறவன் ஏமாறுவான். ஆனால் எபிரெயர் நிருபம் அங்கே எடுத்துக்காட்டும் எரேமியா 31ஐத் திருப்பிப் பாருங்கள். புது உடன்படிக்கை யாரோடு? இஸ்ரவேல் குடும்பத்தோடும் யூதா குடும்பத்தோடும். நம் ஊர் மைலாடியோடு என்று போட்டிருக்கவில்லை.

இந்தச் சண்டை முதலில் ஒரே வீட்டுக்குள் நடந்த சண்டை. இயேசு, மரியாள், பேதுரு, பவுல் எல்லாரும் யூதர். அண்ணன் தம்பி முற்றத்தில் நின்று போட்ட சத்தத்தை, பிறகு வந்த அசலூர்க்காரன் எழுதி வைத்துக்கொண்டு ஒரு தரப்பாகப் பேச ஆரம்பித்தான். 2ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், உண்மையான ஆவிக்குரிய இஸ்ரவேல் நாங்கள்தான் என்று ஒரு யூதரிடமே வாதாடுகிறார். அதே நூற்றாண்டில் சர்தை நகரத்து மெலித்தோ, பஸ்கா பிரசங்கத்தில் யூதர் கடவுளையே கொன்றார்கள் என்கிறார். அந்தப் பழி அப்புறம் இறங்கவே இல்லை.

386, 387ஆம் ஆண்டுகளில் அந்தியோகியாவில் கிறிசோஸ்தோம் என்ற பிரசங்கியார் செய்த எட்டுப் பிரசங்கங்கள் இன்னும் மோசம். ஆனால் அதற்குக் காரணம் என்ன தெரியுமா? அவருடைய சபை ஆட்களே பண்டிகை நாட்களில் யூதர் ஜெபாலயத்துக்குப் போய் எக்காளச் சத்தம் கேட்டுவிட்டு வந்தார்கள். எங்கள் ஊரில் சிஎஸ்ஐ சனங்கள் கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்குப் போவதுபோல, அவர்களும் பக்கத்து வீட்டுத் திருவிழாவுக்குப் போயிருக்கிறார்கள். பிரசங்கியாருக்குப் பொறுக்கவில்லை. அத்தனை வசவுக்கும் பின்னால், சனங்கள் ஒட்டி உறவாடியதற்கான சாட்சி கிடக்கிறது.

05.04.2025, மறுபடியும்

பழைய ஏற்பாடே நமக்கு வேண்டாம், அன்பின் தேவன் புதிய ஏற்பாட்டில் இருக்கிறார் என்று கீழே ஒருவர். ஐயா, இதைச் சொன்ன மார்சியோனை 144இலேயே ரோமாபுரி சபை வெளியே அனுப்பிவிட்டது. நீர் கொஞ்சம் லேட்.

எங்கள் அப்பாம்மையிடம் யாத்திராகமம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். பெண்கள் மேலாடை போடும் உரிமைக்காக நடந்த தோள்சீலைக் கலகத்தைத் தன் பாட்டியிடம் கேட்டு வளர்ந்தவர். 1859இல் திருவிதாங்கூர் அரசு இறங்கிவந்தது வரை நடந்த அடியும் தீவைப்பும் அவருக்குச் சரித்திரம் இல்லை, வீட்டுக் கதை. பார்வோன், செங்கல் சூளை, ஊழியம் என்று வாசித்தால் அது எகிப்து என்றே அவர் நினைக்கமாட்டார். அந்தக் கதை எங்களைத் தூக்கி நிறுத்தியது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கதையைக் கடனாக வாங்குவது வேறு, கடன் கொடுத்தவன் செத்துப்போனான் என்று பத்திரம் எழுதுவது வேறு.

06.04.2025, ஞாயிறு

சின்னக் குறிப்பு. நான் சபையில் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர், பதினெட்டு வருஷமாக. பள்ளி நடப்பது ஞாயிற்றுக்கிழமை. ஓய்வுநாள் சனிக்கிழமை. அடுத்தவன் நாளின் பெயரை எடுத்து நம் நாளுக்கு மாட்டிவிட்டு அதை மறந்தும் போய்விட்டோம். இதைவிடச் சுருக்கமாக இந்த இழையின் விஷயத்தைச் சொல்ல முடியாது.

இதில் கூத்து என்னவென்றால், 2017இல் மட்டாஞ்சேரி ஜெபாலயத்தைப் பார்க்க நாகர்கோவிலில் ரயிலேறிப் போனேன். 1568இல் கட்டியது. போய் நின்றால் கதவு பூட்டு. என்ன கிழமை என்று யோசித்தபோதுதான் உறைத்தது, சனி. ஓய்வுநாள் பள்ளி வாத்தியாருக்கு ஓய்வுநாள் எது என்று தெரியவில்லை. மனைவி இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறாள். ஞாயிறு மறுபடி போனோம், ஆராதனையை விட்டுவிட்டு. அங்கே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகவேண்டும், நம் கோவில் மாதிரியே. காலுக்குக் கீழே சீனாவிலிருந்து வந்த நீலப் பூ ஓடுகள், ஜில்லென்று இருந்தது.

08.04.2025

லுத்தரன் நண்பர் கோபித்துக்கொண்டார், எல்லாரையும் இழுக்கிறீர், லூத்தரை மட்டும் விட்டுவைத்தது நக்கலா என்று. சரி, இழுக்கிறேன். 1523இல் இயேசு யூதராகப் பிறந்தார், அவர்களை அன்பாக நடத்துங்கள் என்று எழுதியவர்தான் அவர். அப்படி நடத்தியும் அவர்கள் மனந்திரும்பவில்லை என்றதும், 1543இல் ஜெபாலயங்களைக் கொளுத்துங்கள் என்று எழுதினார். நாஜிகள் அதைத் தூசி தட்டி எடுத்துப் பயன்படுத்தினார்கள். நம் ஊர் லுத்தரன் சபைக்குத் தாய்ச்சபையான அமெரிக்காவின் மிசௌரி சினோடு, 1983இல் அந்த எழுத்தைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. இதை நண்பர் எனக்குச் சொல்லித்தந்தார், நான் அவருக்கு இல்லை.

மனமாற்றத்துக்காக அன்பு காட்டினால், மனம் மாறாதபோது அந்த அன்பு என்ன ஆகும் என்பதற்கு 1523க்கும் 1543க்கும் நடுவே உள்ள இருபது வருஷமே போதும்.

09.04.2025

மனைவி ஆர்சி குடும்பம். அவள் ஊரில் சின்னப் பையனாக நானும் ஒரு வருஷம் பாடுகளின் நாடகத்தில் நடித்தேன், கூட்டத்தில் ஒருவனாக. (அப்போது அவளைத் தெரியாது. அவள் அத்தை வீட்டுச் சுவரேறி மாங்காய் பறித்தது மட்டும் தெரியும்.) யூதர் என்றால் கறுப்பு அங்கி, தேங்காய் நார் தாடி. இயேசுவுக்கும் சீடருக்கும் வெள்ளை அங்கி. அவர்களும் யூதர்தானே என்று அன்று கேட்க எனக்குப் புத்தி இல்லை, சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. "இவனுடைய இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும்" என்று தொண்டை கிழியக் கத்தினோம். கைதட்டு கிடைத்தது.

அந்தப் பழியைக் கத்தோலிக்க சபை அதிகாரபூர்வமாக இறக்கி வைத்தது 28 அக்டோபர் 1965, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில். நோஸ்த்ரா ஏதாத்தே என்ற அறிக்கையின் 4ஆம் பகுதி. ஆதரவு 2,221, எதிர்ப்பு 88. இயேசுவின் பாடுகளை அன்று வாழ்ந்த எல்லா யூதர்மேலும் சுமத்த முடியாது, இன்றைய யூதர்மேலும் சுமத்த முடியாது என்றார்கள். இதற்கு முன்னால் 1960இல் ஜூல் இசாக் என்ற பிரெஞ்சு வரலாற்றாசிரியர் பாப்பரசர் 23ஆம் யோவானைப் போய்ப் பார்த்தார். மனைவியையும் மகளையும் ஆஷ்விட்சில் பறிகொடுத்தவர். சபை யூதரை இழிவாகக் கற்பித்ததன் பட்டியலோடு போனார். பாப்பரசர் அதற்கு முந்தின வருஷமே, பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதரை "நம்பிக்கையற்ற" என்று சொன்ன வார்த்தையை நீக்கியிருந்தார்.

இதில் எனக்கே ஆச்சரியமான விஷயம், 1566இல் வந்த திரெந்து மறைக்கல்வி நூலே இயேசுவின் சாவுக்கு நம் பாவம் யூதருடைய குற்றத்தைவிடப் பெரிய காரணம் என்று எழுதியிருந்தது. நூலில் இருந்தது, நாடகத்துக்கு வந்து சேரவில்லை.

10.04.2025

1986 ஏப்ரல் 13இல் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் ரோமாபுரி ஜெபாலயத்துக்குப் போய் யூதரை ஒரு விதத்தில் நம் மூத்த சகோதரர் என்றார். எல்லாரும் புகழ்கிறோம். ஆனால் பைபிளில் மூத்தவன் கதி என்ன? இஸ்மவேல், ஏசா, ரூபன். எல்லா இடத்திலும் இளையவன்தான் தட்டிக்கொண்டு போகிறான். அண்ணன் என்று அழைப்பதே ஆபத்தான மரியாதை. சொத்துப் பிரித்த எந்தத் தம்பிக்கும் இது புரியும்.

12.04.2025

இன்று சாயங்காலம் யூதருக்குப் பஸ்கா தொடங்குகிறது. நம் பாஸ்கா என்ற சொல்லே அந்தப் பெசக்தான்.

நேற்று ஒருவர், யூதர் பழைய ஏற்பாட்டு மதத்திலேயே நின்றுபோனவர்கள் என்றார். இதுவும் நம்முடைய கற்பனை. ஆலயம் கி.பி. 70இல் இடிந்தபின் அவர்களுக்குப் பலி இல்லை, பலிபீடம் இல்லை. ஆலயம் போயிற்றே என்று அழுத சீஷனிடம் யோகனான் பென் சக்காய் என்ற ரபி, நமக்கு வேறொரு பாவநிவர்த்தி உண்டு, இரக்கச் செயல்கள் என்று சொல்லி ஓசியா 6:6ஐ எடுத்துக்காட்டியதாக அவர்கள் மரபு. அதே வசனத்தைத்தான் மத்தேயு 9இல் இயேசுவும் பரிசேயரிடம் சொல்கிறார். ரபிகளின் வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னா தொகுக்கப்பட்டது கி.பி. 200 வாக்கில், அதற்கு அப்புறம் அதை விளக்கும் தல்மூத். நம் சுவிசேஷங்கள் எவ்வளவு புதுசோ, அவர்களுடைய ரபிகளின் மார்க்கமும் ஏறக்குறைய அவ்வளவு புதுசு. அப்படிப் பார்த்தால் அண்ணன் தம்பி என்று நான் எழுதியதுகூடப் பொருந்தாது. ஒரே வயிற்றில் கிடந்து உதைத்துக்கொண்ட இரட்டைப் பிள்ளைகள்.

18.04.2025, பெரிய வெள்ளி

மும்மணி ஆராதனை முடிந்து, கஞ்சி குடித்து, இப்போதுதான் உட்கார்ந்தேன். இன்று எழுதக் கூடாது என்றிருந்தேன், முடியவில்லை.

என் சித்தி மகள் ஆறு வருஷம் இஸ்ரேலில் ஹைஃபாவில் ஒரு பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள், 2019இல் திரும்பி வந்தாள். பாட்டி ருமேனியாவில் பிறந்தவள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாட்டி மெழுகுவர்த்தி ஏற்றி இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொள்வாள், இவள் பக்கத்தில் நின்று மனசுக்குள் பரமண்டல ஜெபம் சொல்வாளாம். ஒருத்திக்கொருத்தி உயிர். போன முதல் வருஷம் பெரிய வெள்ளிக்கு இவள் உபவாசம் இருந்தாள். என்ன நாள் என்று பாட்டி கேட்க, இவள் விளக்கியிருக்கிறாள். பாட்டி எழுந்துபோய்க் கதவுத் தாழ்ப்பாளைச் சரிபார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாளாம். ஒன்றும் சொல்லவில்லை.

சொன்னது பல மாதம் கழித்து. பாட்டியின் அம்மா கிஷினேவ் ஊரில் சிறுமியாக இருந்தவள். 1903இல் அங்கே ஈஸ்டர் ஞாயிறு அன்று தொடங்கிய கலவரத்தில் 49 யூதர் செத்தார்கள். கிறிஸ்தவப் பையனை யூதர் கொன்றார்கள் என்ற பொய்தான் பொறி. அம்மாவுக்கு அந்தப் பயம் போகவே இல்லை, பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டுப் போனாள். பெரிய வெள்ளி முதல் ஈஸ்டர் வரை வெளியே விளையாடக் கூடாது, மணிச் சத்தம் கேட்டால் உள்ளே வரவேண்டும்.

நமக்குக் கஞ்சியும் கண்ணீருமாக இருக்கிற நாள் அவர்களுக்குத் தாழ்ப்பாள் போடுகிற நாள். இன்று எங்கள் சபை ஐயர் (போதகர்) யோவான் 19 வாசித்தபோது "யூதர்கள், யூதர்கள்" என்று வந்த இடத்திலெல்லாம் எனக்கு அந்தத் தாழ்ப்பாள்தான் நினைவுக்கு வந்தது. வேறொன்றும் தியானிக்க முடியவில்லை.

19.04.2025

நன்றி, நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். "அவர்கள் நம்மைப் பற்றி என்ன நினைக்கிறார்கள், அதைச் சொல்லும்" என்று கேட்ட சகோதரிக்கு. இத்தனை நாள் நான் கேட்காத கேள்வி. யூதரைப் பற்றிப் பத்துக் குறிப்பு எழுதியவன், அவர்கள் பேச்சுக்கு இடமே விடவில்லை.

முதலில், நம்மை மதம் மாற்றும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. நோவாவின் மக்களுக்கான ஏழு கட்டளைகளைக் கைக்கொண்டால் பிற சனத்தாருக்கும் வரும் உலகில் பங்குண்டு என்பது ரபிகளின் போதனை. மைமோனிடிஸ் என்ற பெரிய யூத அறிஞர் (இறந்தது 1204) கிறிஸ்தவத்தை விக்கிரக வணக்கம் என்றுதான் வைத்தார். ஆனால் அவரே, கிறிஸ்தவமும் இஸ்லாமும் மேசியாவின் வருகைக்கு உலகைத் தயாராக்குகின்றன என்றும் எழுதினார். நாம் அவர்களை நமக்கு முன்னுரை என்கிறோம், அவர் நம்மைத் தங்களுக்கு முன்னுரை ஆக்கிவிட்டார். சரிக்குச் சரி! அவருக்கு ஒரு நூற்றாண்டு பின்னால் தெற்கு பிரான்சில் இருந்த மெய்ரி என்ற ரபி, கிறிஸ்தவர் மார்க்க நெறிக்குக் கட்டுப்பட்டவர்கள், பழைய விக்கிரக வணக்கத்தாரோடு அவர்களைச் சேர்க்கக் கூடாது என்றார்.

நம் காலத்தில், செப்டம்பர் 2000இல், இருநூறுக்கு மேற்பட்ட ரபிகளும் அறிஞர்களும் இரு சாராரும் வணங்குவது ஒரே தேவனை என்று அறிக்கை விட்டார்கள். எல்லா யூதரும் ஒப்புக்கொள்ளவில்லை. சோலோவெய்ட்சிக் என்ற பெரிய ரபி 1964லேயே, சமூக நலனுக்காகச் சேர்ந்து வேலை செய்யலாம், விசுவாசத்தை மட்டும் பேரம் பேசும் மேசையில் வைக்கக் கூடாது என்று எழுதிவிட்டார். எனக்கு அவரைத்தான் அதிகம் பிடிக்கிறது. தாழ்ப்பாள் போட்டுப் பழகியவர்களிடம், வாங்க மனம்விட்டுப் பேசலாம் என்று நாம் போய் நிற்பதில் ஒரு திமிர் இருக்கிறது.

ஏன் இயேசுவை ஏற்கவில்லை என்பதற்குப் பதில் சிக்கலே இல்லை. மேசியா வந்தால் பட்டயத்தை மண்வெட்டியாக அடிப்பார்கள் என்று ஏசாயா 2 சொல்கிறது, இன்னும் அடிக்கவில்லையே என்கிறார்கள். நாம் இரண்டாம் வருகை என்கிறோம். ஆக இரண்டு பேருமே காத்துத்தான் இருக்கிறோம்.

22.04.2025

கொடி ஒட்டிய மைத்துனரை மறந்துவிட்டேன். அந்தப் போதனை அவர் பாஸ்டர் கண்டுபிடித்தது இல்லை. 19ஆம் நூற்றாண்டில் டார்பி என்ற பிரதரன் சபைத் தலைவர் தேவனுடைய திட்டத்தை யுகங்களாகப் பிரித்தார், 1909இல் வந்த ஸ்கோஃபீல்டு பைபிளின் அடிக்குறிப்புகள் அதை உலகமெல்லாம் கொண்டு சேர்த்தன. யூதர் தள்ளப்படவில்லை என்பதில் அவர்களும் நானும் ஒரே பக்கம்தான், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தப் படத்தின் கடைசிக் காட்சியில் யூதரில் பெரும்பங்கு உபத்திரவத்தில் அழிகிறது, மிச்சம் மனந்திரும்புகிறது. ஆசீர்வாதம் என்ற பெயரில் இது என்ன மாதிரி நட்பு? மைத்துனரிடம் கேட்டுப் பாருங்கள், சண்டை வந்தால் என் பெயரைச் சொல்லவேண்டாம்.

இன்னொன்று, நாம் பைபிளில் வாசிப்பது இஸ்ரவேல், ஆர்சிக்காரர் இஸ்ரயேல், பத்திரிகையில் வருவது இஸ்ரேல். மூன்று எழுத்து இருப்பது எனக்கு வசதியாகவே படுகிறது. உடன்படிக்கை மாறாது என்று சொன்னால், இன்றைய ஒரு அரசாங்கம் செய்கிற எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டேன் என்று அர்த்தம் இல்லை. காசாவில் சாகிற பிள்ளைகளைப் பற்றி ரோமர் 11ஐ வைத்துக் கணக்குத் தீர்க்கிறவனோடு எனக்குப் பேச்சு இல்லை.

27.04.2025

இரண்டு விஷயம், அப்புறம் நான் இந்த இழையை விட்டுவிடுகிறேன், பால்வெட்டுக்காரர் இரண்டு வாரமாக வரவில்லை, விளையில் வேலை கிடக்கிறது.

ஒன்று, 04ஆம் தேதி எழுதியதிலும் ஒரு திருத்தம். பவுலின் காலத்திலேயே வாழ்ந்த கொலுமெல்லா என்ற ரோமாபுரி விவசாய நூலாசிரியர், காய்க்காமல் நிற்கும் ஒலிவமரத்தில் துளை போட்டுப் பச்சைக் காட்டு ஒலிவக் குச்சியைச் செருகினால் மரம் தெளிந்து காய்க்கும் என்று எழுதியிருக்கிறார். அப்படியானால் அது கிறுக்குத்தனமே இல்லை, வழக்கத்தில் இருந்த வைத்தியம். பவுல் அதை நினைத்து எழுதினாரா என்றால், வேரின் சாரத்தில் கிளைக்குப் பங்கு என்றுதான் சொல்கிறாரே தவிர, கிளையால் மரம் பிழைத்தது என்று அவர் எங்கும் சொல்லவில்லை. நாம் அப்படி வாசித்துப் பெருமைப்படுவோம் என்று பயந்தாரோ என்னவோ.

இரண்டு, நம் பக்கத்திலேயே இருக்கும் ஒரு சங்கதி. வேணாட்டு அய்யனடிகள் 849இல் கொல்லம் தரிசாப்பள்ளிக்கு எழுதிக்கொடுத்த செப்பேடு. கிறிஸ்தவக் கோவிலுக்கான தானம், வட்டெழுத்தில். அதன் கடைசி ஏட்டில் சாட்சிக் கையெழுத்துகள் மூன்று எழுத்தில் இருக்கின்றன: அரபி, பஹ்லவி (பழைய பாரசீகர் எழுத்து), எபிரெயம். ஆமாம், கோவில் சொத்துக்கு யூதர் சாட்சி. ஐரோப்பாவின் பழியும் பயமும் கப்பலேறி இங்கே வருவதற்கு வெகுகாலம் முன்னால்.

இன்று ஓய்வுநாள் பள்ளியில் ரோமர் 11 எடுத்தேன், சாக்கில் ஒரு ரப்பர் தையும் அப்பாவின் பழைய பட்டிங் கத்தியும் கொண்டுபோனேன். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், ஒட்டுக்கிளைக்குத் தான் ஒட்டுக்கிளை என்று தெரியுமா சார் என்று கேட்டான். தழும்பைக் காட்டினேன். தொட்டுப் பார்த்துவிட்டு, மூணு வாரம் கழிச்சு நான்தான் கட்டு அவிழ்ப்பேன் என்று பெயர் கொடுத்திருக்கிறான். மே 18, ஞாயிறு.